கண்ணாடி மேஸ்திரியின் கரட்டுச் சுவர்

பேத்தி பிறந்த சேதி கேட்டு மருத்துவமனைக்கு ஓடிய மேஸ்திரி, தொட்டிலுக்கு இரண்டடி முன்னால் நின்றுவிட்டார். இடது கண்ணை இறுக்கி மூடினார். வலது கன்னத்தைச் சுவரோடு ஒட்டிவைத்து, ஜன்னலிலிருந்து வரும் வெளிச்சம் பூச்சின் மேல் எப்படி வழுக்கிக்கொண்டு போகிறது என்று பார்த்தார். பிறகு புறங்கையால் ஒரு தடவு. "ஜன்னலுக்குக் கீழ வயிறு தள்ளியிருக்கு. எவனோ சாப்பாட்டுக்கு அவசரப்பட்டிருக்கான்" என்று தீர்ப்புச் சொன்ன பிறகே குழந்தையின் பக்கம் திரும்பினார்.

கட்டிலில் கிடந்த மகளுக்குச் சிரிக்கவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை. "நேத்து வரைக்கும் நானும் வயிறு தள்ளித்தான்பா இருந்தேன். என்னைப் பாக்க இப்படி ஓடி வரலையே."

"நீ நேரா இருந்தா நான் எதுக்கு வரப்போறேன்? செவரு நேரா இல்லேன்னா வந்துதானே ஆகணும்" என்றார் அவர். கேள்விக்கும் பதிலுக்கும் சம்பந்தம் இல்லாவிட்டாலும் பதில் என்று ஒன்று சொல்லியாக வேண்டும் அவருக்கு.

கண்ணாடி மேஸ்திரி என்றால் கட்டட வேலையில் இருக்கும் யாருக்கும் அடையாளம் சொல்ல வேண்டியதில்லை. மூக்கில் கண்ணாடி கிடையாது. தாத்தா ஆன பிறகும் கண் கூர்மை. அவர் பூசி முடித்த சுவரைத்தான் கண்ணாடி என்றார்கள். பேர் சுவரிலிருந்து ஆளுக்கு ஒட்டிக்கொண்டது. யார் வைத்த பேர் என்று கேட்டால், "ஊரு வச்சது" என்பார். முதலில் வைத்தது அவரேதான், ஊர் பின்னால் சேர்ந்துகொண்டது என்பார் மேஸ்திரியம்மா.

ஆள் குள்ளம். முழங்கைக்குக் கீழே மட்டும் ஒரு பயில்வானின் கையை வெட்டி ஒட்டவைத்தது போல இருக்கும். சிமெண்டு தின்ற விரல் நுனிகளில் ரேகையே இல்லை. கைரேகை வைக்கச் சொல்லும் இயந்திரங்கள் எல்லாம் இவரைக் கண்டு திகைத்து நிற்கும். "மிஷினுக்கே என்னைத் தெரியலை பாரு. அதுக்கு மேல நான் போயிட்டேன்" என்று அதிலும் ஒரு பெருமை. பள்ளிக்கூடம் அவரை நெடுநாள் வைத்துக்கொள்ளவில்லை. "அங்க நான் கத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணு. கரும்பலகைக்குப் பின்னால இருந்த செவரு கோணல்." கலவைக்குத் தண்ணீர் சுமந்து ஆரம்பித்தார். இன்று சொந்தமாகச் சாரக் குழாய்கள், சொந்தமாக ஒரு வேன், அவர் விசில் அடித்தால் சாரத்தில் ஏறும் ஒரு கூட்டம். கையை ஊன்றி மேலே வந்தவனுக்குத் தலைக்கனம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். இருக்கட்டுமே! சான்றிதழ் வைத்திருப்பவன் அதை எடுத்து நீட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடலாம். கையை மட்டும் வைத்திருப்பவன் வாயாலும் காட்டியாக வேண்டும். இது பட்டவர்களுக்குத் தெரியும்.

வாய்க்கும் குறைவில்லை. "நான் தொட்டா அது செவரு. மத்தவன் தொட்டா அது வெறும் மறைப்பு" என்பது தினப்படி பாடம். காலையில் டீ குடிக்கும்போது ஒரு தரம், மாலையில் பூசும் கரணையைக் கழுவும்போது ஒரு தரம்.

அவர் வீட்டுக்குள் போனால் ஏதோ ஒன்று குறைகிறதே என்று தோன்றும். என்ன என்று பிடிபடச் சற்று நேரமாகும். எந்தச் சுவரிலும் ஆணி இல்லை. கடிகாரம் குளிர்சாதனப் பெட்டியின் மேல் படுத்திருக்கும். நாள்காட்டி மேசையில் ஒரு டம்ளருக்குச் சாய்ந்து நிற்கும். கல்யாணப் படம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். விருந்தாளி வந்தால் அது எழுந்து கட்டிலுக்குப் போகும். "ஆணி அடிக்க ஒரு செவரு குடுங்க, ஒண்ணே ஒண்ணு" என்று மேஸ்திரியம்மா கல்யாணமான நாளிலிருந்து கேட்கிறார். "கேக்குறதை நியாயமா கேளு" என்று இவரும் அன்றிலிருந்து சொல்கிறார்.

மேஸ்திரியம்மாவின் தம்பிதான் மச்சான். மேஸ்திரி அப்படிக் கூப்பிட, வேலைக்காரர்கள் அப்படிக் கூப்பிட, கடைசியில் சிமெண்டு கொண்டுவரும் லாரிக்காரர் வரைக்கும் எல்லாருக்கும் அவர் மச்சானாகிவிட்டார். நெட்டையான ஆள். சாரத்தில் நின்றால் ஏதாவது ஒரு மெட்டை முனகிக்கொண்டே இருப்பார். கை பாட்டுக்குக் கை, வாய் பாட்டுக்கு வாய். அதனால் அவர் பூசும் சுவர் ஒரு பக்கம் ஏறும், ஒரு பக்கம் இறங்கும். மேஸ்திரி அதைப் பார்த்ததும் ஆரம்பிப்பார்: "என்ன மச்சான், செவரு பூசச் சொன்னா மலையேறிட்டு வந்திருக்கே? இதுல ஆடு மேய்க்கலாம் போலிருக்கே!" மச்சான் சிரித்துக்கொண்டு, "மேயட்டும் மாமா, பாவம்" என்பார். மேஸ்திரி அதன் மேல் இன்னொரு பூச்சுப் பூசி நேராக்குவார். மாமனும் மச்சானும் சேர்ந்து வேலை செய்த காலமெல்லாம் இப்படித்தான் கழிந்தது.

இந்த நிலையில்தான் பல்கலைக்கழகத்து அரங்க வேலை வந்தது. விளையாட்டுத் திடலுக்கும் நூலகத்துக்கும் நடுவே இருந்த வெற்றிடத்தில், சுற்று வட்டாரத்துக்கே பொதுவாக ஒரு கலையரங்கம். இனி நாடகக்காரர்களும் பாட்டுக்காரர்களும் ஆட்டக்காரர்களும் மேடை தேடிப் பெருநகரத்துக்கு மூட்டை கட்ட வேண்டியதில்லை. மாணவர்களும் ஆடலாம், வெளியாட்களும் ஆடலாம். கப்பல் கவிழ்ந்தது போன்ற கூரை, படிப்படியாக இறங்கும் தரை, மூன்று மாடி உயரத்துக்குத் திரை ஏறிப்போகும் மேடை. உள்பூச்சு முழுவதும் நம் மேஸ்திரி கையில்.

மற்றவர்கள் கூரையைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். மேஸ்திரி இரண்டு பக்கச் சுவர்களைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்தபடி மனைவியிடம் சொன்னார்: "இத்தனை காலமா பூசினதெல்லாம் வீணு. வீட்டுல பூசினா அலமாரியை வச்சு மறைக்கிறான். ஆபீசுல பூசினா நோட்டீசு ஒட்டுறான். இங்க ஆயிரம் பேரு காசு குடுத்து வந்து உக்காந்து, முன்னாலயும் பக்கத்துலயும் பாக்கப் போறாங்க. நம்ம செவத்தை உக்காந்து பாக்கப் போறாங்கடி!"

"அவங்க மேடையைப் பாக்க வரப்போறாங்க" என்றார் மேஸ்திரியம்மா.

"மேடை சலிச்சுப் போனா?"

ஒப்பனை அறைகள் முடிந்தன. நடைகள் முடிந்தன. முகப்புக் கூடம் முடிந்தது. அந்தக் கூடத்துச் சுவரில் தன் முகத்தைப் பார்த்துத் தலை வாரிக்கொண்டதாக மின்வேலைக்காரர் ஒருவர் சொன்னார். பொய்தான், ஆனால் மேஸ்திரி அதை நம்பினார், மேலும் நாலு பேரிடம் சொன்னார். மீதி இருந்தது பெரிய அரங்கின் இரண்டு பக்கச் சுவர்கள்.

அந்தச் சுவர்களுக்கு அதிகாரி பலூன் மேடம். ஒலியமைப்புக்காக வெளியூரிலிருந்து வந்துபோகும் பொறியாளர். துணிக் காலணி, தோளில் ஒரு கறுப்புப் பெட்டி, சட்டைப்பையில் பலூன்கள். காலி அரங்கின் நடுவில் நின்று ஒரு பலூனை ஊதுவார், முடிச்சுப் போடுவார், ஊசியால் குத்துவார். டமார் என்ற சத்தம் எங்கெங்கே போய் எப்படித் திரும்புகிறது என்று பெட்டியில் பார்த்துத் தலையாட்டுவார். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு மேஸ்திரி மச்சானின் விலாவில் இடித்தார்: "நாம சின்ன வயசுலேயே இந்த வேலையை விட்டுட்டோமே மச்சான்!"

மேடம் ஒரு மாதிரிப் பலகையைக் கொண்டுவந்து காட்டினார். மேடும் பள்ளமுமாக, கலைந்த படுக்கை மாதிரி ஒரு பூச்சு. "ரெண்டு பக்கமும் இப்படி வேணும் மேஸ்திரி. ஒரு மேடு மாதிரி இன்னொரு மேடு இருக்கக் கூடாது. ஒரு எடத்துல கை அழுந்தணும், ஒரு எடத்துல அழுந்தக் கூடாது. வழுவழுப்பு மட்டும் வேண்டவே வேண்டாம்."

"சரிங்க மேடம்" என்றார் மேஸ்திரி, நிலாவைப் பிடித்துத் தா என்று கேட்கும் குழந்தைக்குச் சொல்வது போல.

மேடம் வேறு ஊர் வேலைக்குப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் இடது பக்கச் சுவர் முழுவதும் முடிந்திருந்தது. தரையிலிருந்து கூரை வரைக்கும் கண்ணாடி. ஈ உட்கார்ந்தால் வழுக்கும். மச்சான் சாரத்திலிருந்து இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார்: "மாமா, அந்தம்மா வேற மாதிரி கேட்டாங்களே." மேஸ்திரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "படம் போடுறவங்க ஆயிரம் போடுவாங்க. பூசி முடிச்சப்புறம் பாத்தா, அட இதுதான்யா நமக்கு வேணும்னு அவங்களே சொல்லுவாங்க. எத்தனை பேரைப் பாத்திருக்கேன்!" அவர் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. தெரியாமல் கேட்டுவிட்டவருக்கு ஒரு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். கோணல் சுவரைத் தெரிந்தே விட்டுவைப்பது அவருக்குப் பச்சைப் பிள்ளையை மழையில் விட்டுவைப்பது போல.

மேடம் வந்தார். சுவரைப் பார்த்தார். பலூனை ஊதினார், குத்தினார்.

டமாருக்குப் பின்னால் இன்னொரு டமார், அதற்குப் பின்னால் இன்னொன்று. தகர டப்பாவில் போட்ட கூழாங்கல் மாதிரி சத்தம் இந்தச் சுவருக்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவே தடதடவென்று ஓடிக்கொண்டே இருந்தது.

மேஸ்திரியின் முகம் மலர்ந்தது. "கேட்டீங்களா மேடம்! ஒண்ணு வெடிச்சா பத்து வெடிக்குது! இங்க பாடுறவனுக்குக் கைதட்டலுக்குப் பஞ்சமே இருக்காது."

மேடம் சிரித்துவிட்டார். பிறகு, "கடைசி வரிசைக்குப் போங்க மேஸ்திரி" என்றார். இருக்கைகள் இன்னும் வரவில்லை. மேஸ்திரி உச்சிப் படியில் கலவை சுமக்கும் பாண்டு ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். மேடம் மச்சானை மேடையில் ஏற்றி, "மனசுல தோணுறதை ஏதாவது பேசுங்க, கத்த வேண்டாம்" என்றார்.

மச்சானுக்கு மேடை புதிது. வெறுங்காலால் பலகையைத் தேய்த்தார். தொண்டையைச் செருமினார். பிறகு அவருக்கே தெரியாமல் வந்தது: "அந்தா உக்காந்திருக்காரே, அவரு என் அக்காவைக் கட்டினதிலேருந்து நான் பூசின ஒரு செவரைக் கூட நல்லாருக்குன்னு சொன்னதில்லை."

மேடைக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். உச்சிப் படிக்குப் போய்ச் சேர்ந்தது என்னவோ மூடிய பானைக்குள் யாரோ முணுமுணுப்பது போன்ற ஒரு குழம்பல்தான்.

"என்னடா சொன்னே?" என்று மேஸ்திரி காதருகே கையைக் குவித்தார். "ஒரு எழவும் புரியலை!"

"ஒண்ணுமில்ல மாமா!"

"அதுதான் மேஸ்திரி" என்றார் மேடம். "இங்க யாரு என்ன சொன்னாலும் கடைசி ஆளுக்கு இப்படித்தான் போகும். அந்தச் செவத்தைக் கொத்தித்தான் ஆகணும்."

கொத்தும்போது மேஸ்திரி அரங்கில் இல்லை. வெளியே வேனில் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். உளி விழும் சத்தம் அதையும் தாண்டி வந்தது. சாவியைத் திருப்பி வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. "எலும்புல காய்ச்சல்" என்று சொல்லி அனுப்பினார். சுவரைப் பார்த்துப் படுத்தால் சுவர் தெரிகிறது, கூரையைப் பார்த்துப் படுத்தால் அதுவும் அவர் பூசியதுதான். கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். உள்ளபடி அவரை அரித்தது இதுதான்: வட்டாரத்துக்கே பெரிய கட்டடம், காலம் காலமாக நிற்கப்போவது, அதில் கரடுமுரடாக ஒரு சுவரை நிறுத்திவிட்டு, இது கண்ணாடி மேஸ்திரி வேலையா என்று நாலு பேர் கேட்டால் பேர் என்னாவது? செய்யாமல் ஒதுங்கினால், முடியாமல் ஓடிவிட்டான் என்பார்கள். அந்தப் பக்கம் போனாலும் இடி, இந்தப் பக்கம் வந்தாலும் இடி.

மூன்றாம் நாள் சாயங்காலம் மச்சான் வந்தார். உட்காரவில்லை, கல்யாணப் படம் இருந்த நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றார்.

"மாமா, மேடைக்குப் பின்னால சாமான் அறையில நான் பூசினேனே, நீங்க கூட ஆடு மேயலாம்னு சொன்னீங்க…"

"அதை நேராக்கச் சொன்னேனே. செஞ்சியா?"

"இல்ல. அதுக்குள்ள மேடம் பாத்துட்டாங்க. யாரு கை இதுன்னு கேட்டாங்க. திட்டத்தான் போறாங்கன்னு பயந்துக்கிட்டே என் கைதான்னேன். இதேதான் வேணும்னுட்டாங்க. ரெண்டு செவரும் என்னைப் பூசச் சொல்லியிருக்காங்க மாமா."

மேஸ்திரி எழுந்து உட்கார்ந்தார். "உன்னையா?"

சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்த மேஸ்திரியம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அது நிற்காமல் வந்தது. கரண்டியோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். "தம்பி, உனக்கு ஒரு காலம் வந்துடுச்சுடா!"

"நீ சும்மா இரு. மானம் போகுது, சிரிக்கிறே. செவத்துக்கும் காதுக்கும் என்னடி சம்பந்தம்?"

"ஏன் இல்ல? இத்தனை வருஷமா வழுவழுன்னு நாலு செவத்துக்கு நடுவுல குடித்தனம் பண்ணுறேன். சமையல்கட்டுலேருந்து நான் சொன்னது ஒண்ணாவது உங்க காதுல விழுந்திருக்கா?"

"அது செவத்தால இல்ல" என்றார் மேஸ்திரி. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. மச்சான் அவசரமாக ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

மறுநாள் மேஸ்திரி வேலைக்கு வந்தார், ஒரு நிபந்தனையோடு. மேடத்தை ஓரமாக அழைத்துச் சொன்னார்: "ஆளுங்க என் ஆளுங்க, கலவை என் கலவை, சாரம் என் சாரம். வேலை நடக்கும். ஆனா ஒண்ணு. எவன் கேட்டாலும் அந்தச் செவரு மச்சான் பூசினது. என் கை அதுல பட்டதா ஒருத்தர் வாயிலேருந்தும் வரக் கூடாது."

"உங்க பேரை நான் சொல்லமாட்டேன் மேஸ்திரி" என்றார் மேடம்.

மச்சான் முனகிக்கொண்டே பூசினார். கை ஏறியது, இறங்கியது. மேடம் பலூனைக் குத்தினார். சத்தம் சுவரில் பட்டுச் சிதறி, பொடியாகி, அடங்கியது. மேடம் கைதட்டினார். சுவரைப் படம் எடுத்தார், மச்சானை அதன் முன்னால் நிறுத்தி இன்னொரு படம் எடுத்தார். கட்டடக்கலை படிக்கும் மாணவர்களைக் கூட்டிவந்து காட்டினார். இதெல்லாம் நடந்தபோது மேஸ்திரி வெளிவாசல் நிலைக்குப் பக்கத்தில் ஒரு முழ அகலத் துண்டுச் சுவரை உலகத்திலேயே வழுவழுப்பானதாக்கிக்கொண்டிருந்தார்.

வினை அங்கேதான் வந்தது. மறுநாள் மச்சான் தலை வாரி, இஸ்திரி போட்ட சட்டையோடு சாரம் ஏறினார். முனகவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு பூசினார். ஒவ்வொரு மேட்டையும் தள்ளி நின்று ரசித்தார். அடுத்த மேடு அதே அழகில் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. மேடம் பலூனைக் குத்தினால் சத்தம் கீச்சென்று விசில் அடித்துக்கொண்டு போனது.

"ஒழுங்கா வந்துடுச்சு மச்சான்" என்றார் மேடம் வருத்தமாக.

மச்சான் கரணையைப் பாண்டில் எறிந்தார். "மோசமா பூசினா நல்லாருக்குங்கறீங்க, நல்லா பூசினா மோசங்கறீங்க. மனுசன் என்னதான் செய்யறது?" கண்ணை மூடிக்கொண்டு பூசிப் பார்த்தார். திரும்பி நின்று பூசிப் பார்த்தார். எவ்வளவு தாறுமாறாகப் பூச நினைக்கிறாரோ அவ்வளவு வரிசையாக வந்தது. கவனிக்காமல் செய்த வேலையைக் கவனித்துச் செய்யச் சொன்னால் யாருக்குத்தான் வரும்?

கீழே மேஸ்திரி முதலில் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். நிதானமாகக் கையைக் கழுவினார். ஒரு விளக்கை இழுத்துவந்து சுவரின் அடியில், வெளிச்சம் பூச்சின் மேல் வழுக்கிக்கொண்டு ஏறும்படி வைத்தார். இடது கண்ணை மூடினார். கன்னத்தைச் சுவரில் வைத்தார். ஒரு மயிரிழை மேட்டைக் கண்டுபிடித்துக் கொல்வதிலேயே வாழ்நாளைச் செலவழித்த கண்ணுக்கு, எங்கே ஒன்றைப் போல இன்னொன்று இருக்கிறது என்று பார்ப்பதா பெரிய காரியம்?

"மச்சான்! உன் முழங்கைக்கு மேல ரெண்டு மேடு இருக்கே, அண்ணன் தம்பி. ஒண்ணைக் கொல்லு."

மச்சான் கொன்றார்.

"அந்த ஓரத்துல டிக்கெட் வாங்க நிக்கிற மாதிரி ஒரு வரிசை நிக்குது பாரு. அடிச்சுக் கலை."

கலைத்தார்.

"இங்க வழிச்சிருக்கே, ரொம்ப லட்சணமா இருக்கு. கெடு. இன்னும் கெடு. ஐயோ, சரி பண்ணாதேடா, கெடுடா!"

அரங்கம் முழுக்கச் சிரிப்பு. ஆனால் வேலை நகர்ந்தது. வலது சுவர் முடிந்தது, இடது சுவர் பாதிக்கு மேல் வந்தது. மேடைக்குப் பக்கத்து மூலையில், கூரையை ஒட்டி, கீழிருந்து சொல்லிப் புரியவைக்க முடியாத ஓர் இடம் வந்தபோது மச்சான் மேலிருந்து கத்தினார்: "மாமா, நீங்களே ஏறி வாங்களேன்!"

ஏறினார். கரணையை எடுத்தார். வலது கை தன் பாட்டுக்கு ஒரே இழுப்பில் இழுத்து வழவழவென்று முடித்துவிட்டது. திட்டிக்கொண்டே வழித்துப்போட்டார். இரண்டாம் தரமும் அப்படியே. கையைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு அந்தக் கையைக் கால்சட்டைப் பைக்குள் திணித்துவிட்டு, கரணையை இடது கைக்கு மாற்றினார். "வலது கைக்குப் படிப்பு ஜாஸ்தியாயிடுச்சு மச்சான். இது பள்ளிக்கூடமே போகாத கை."

அது தடுமாறியது. அழுந்த வேண்டாத இடத்தில் அழுந்தியது, வழித்தது, திணறியது. மூலை முழுவதும் அந்தக் கைதான் பூசியது. முடித்ததும் மச்சான் பக்கத்தில் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். "ஆடு மேயலாம் மாமா."

"எறங்குடா கீழ."

சோதனை நாளில் மேடம் பலூனை எடுக்கவில்லை. "இன்னிக்கு மேஸ்திரி பேசட்டும்" என்றார். மச்சான் உச்சிப் படியில் போய் உட்கார்ந்தார். மேஸ்திரி மேடையில் நின்றார். ஒன்பது பேர் வாயை ஒரே ஆள் வைத்திருப்பதாக மனைவி சொல்லும் அந்த வாய் திறக்கவில்லை. முன்னால் அத்தனை பெரிய வெறுமை. இரண்டு பக்கமும் மேடும் பள்ளமுமாகச் சுவர்கள். அவற்றை மாறி மாறிப் பார்த்தார். தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல, உதடு அதிகம் அசையாமல், "நல்லாத்தான் வந்திருக்குடா மச்சான்" என்றார்.

உச்சிப் படியில் மச்சான் எழுந்து நின்றுவிட்டார்.

பிறகு காதருகே கையைக் குவித்து, "என்ன மாமா? சரியா கேக்கலை. இன்னொரு தரம் சொல்லுங்க!" என்றார்.

"கேட்டுச்சுடா உனக்கு!" என்று மேஸ்திரி அங்கிருந்தே பாய்ந்தார். ஒரு சொல் பிசகாமல் அதுவும் மேலே போய்ச் சேர்ந்தது.

இருக்கைகளைப் பொருத்திக்கொண்டிருந்த ஒரு காலையில் பல்கலைக்கழகப் பதிவாளர் விருந்தினர்களை அழைத்துக்கொண்டு வந்தார். நல்ல மனிதர். இந்த அரங்கத்துக்காக எத்தனையோ கதவுகளைத் தட்டியவர். முகப்புக் கூடத்துச் சுவரை ஒரு விருந்தினர் தடவிப் பார்த்து வியந்தபோது, தானே பூசியது போலப் பூரித்துப்போனார். அதே பூரிப்போடு பெரிய அரங்குக்குள் வந்தவர், இடது பக்கம் திரும்பினார், நின்றார். வலது பக்கம் திரும்பினார்.

"இந்தச் சுவர் வேலை இன்னும் முடியலையா?"

"முடிஞ்சுடுச்சு சார்" என்றார் மேடம்.

"முடிஞ்சதா?" பதிவாளர் விருந்தினர்களை ஒரு பார்வை பார்த்தார். மேடைக்குப் பக்கத்து மூலையில், கூரை ஓரமாக, அவர் கண் போய் நின்றது. "வெளியே அவ்வளவு அழகா பூசியிருக்காங்க. இங்க… இதை யாரு பூசினது?"

மேடம் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தார்; ஆனால் பதிவாளர் கேட்டது ஏன் இப்படி என்று அல்ல, யார் என்று. கொடுத்த வாக்கு நினைவுக்கு வர, வாயை மூடிக்கொண்டார். சாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் குழாயைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்கள். மச்சான் ஓரடி முன்னால் வந்தார்.

அதற்குள் அவருக்குப் பக்கத்தில் ஒரு கை மேலே போயிருந்தது. மேஸ்திரியின் இடது கை.

மச்சான் அதைப் பார்த்தார். நம்ப முடியாமல் இன்னொரு தரம் பார்த்தார். பிறகு அவரும் தன் கையைத் தூக்கினார். நெட்டை ஆளின் நெட்டைக் கை; மேஸ்திரியின் கைக்கு ஒரு முழம் மேலே போய் நின்றது.

மேஸ்திரி ஓரக்கண்ணால் அந்த உயரத்தை அளந்தார். பார்வையைப் பதிவாளர் பக்கம் திருப்பிக்கொண்டு, கையை இறக்காமல், மெல்லக் குதிகாலைத் தூக்கினார்.